நன்றி நோட்டில் என்ன எழுதுவது?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், இரவு படுக்கப்போகுமுன் அன்றைய நாளின் நன்மைகளில் மூன்றையாவது நினைத்துக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்தும் வழக்கத்தைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். முழுப் பக்கக் கட்டுரைகளுக்குக்கூட வராத அளவுக்கு அந்தப் பத்திக்குக் கடிதங்கள் வந்தன. சிலர் மகிழ்ந்து எழுதியிருந்தார்கள். சிலர் கோபித்து எழுதியிருந்தார்கள். கோபித்தவர்களின் கடிதங்களில் நியாயம் அதிகம் இருந்தது. ஆகவே இம்முறை வேறு பொருளுக்குப் போகாமல் இதையே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுத்த தீர்மானத்தின்படி ஒரு நோட்டு வாங்கித் தினமும் இரவில் மூன்று நன்றிகள் எழுதிவருகிறேன். முதல் மாதம் மனது நிறைந்திருந்தது. இப்போது புரட்டிப் பார்த்தால், "நல்ல சுகம், நல்ல குடும்பம், வேளாவேளைக்கு ஆகாரம்" என்ற அதே மூன்று வரிகள்தான் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நான் என் மாணவிகளுக்குக் கொடுத்த இம்போசிஷன் எனக்கே திரும்பி வந்ததுபோல் இருக்கிறது. நிறுத்திவிடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, நாசரேத்)

பதில்: நோட்டை வைத்துக்கொள்ளுங்கள், அம்மா, அந்த மூன்று வரிகளை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். அவை பொய்யல்ல. ஆனால் அவற்றில் நாளும் இல்லை, நேரமும் இல்லை, செய்தவரும் இல்லை. நேற்று எழுதியதை இன்றும் எழுதலாம், நீங்கள் எழுதியதை நானும் எழுதலாம் என்றால், அது உங்களுக்கு நேர்ந்த நன்மையின் குறிப்பாக இருக்க முடியாது.

தமிழாசிரியையாக இருந்திருந்தால் இதை எனக்கு முன்பே நீங்கள் சொல்லியிருப்பீர்கள்: திருக்குறளின் பதினொன்றாம் அதிகாரத்துக்கு "நன்றி சொல்லுதல்" என்று பெயர் இல்லை, "செய்ந்நன்றி அறிதல்" என்றுதான் பெயர். அங்கே நன்றி என்பது நாம் பதிலுக்குச் சொல்லும் சொல்லைக் குறிப்பதில்லை. பிறர் நமக்குச் செய்த நன்மையைக் குறிக்கிறது. நாம் செய்யவேண்டியது அதை அறிதல். அறிதல் என்றால், யார் செய்தார், என்ன செய்தார், எந்த வேளையில் செய்தார் என்பதை விவரமாகக் கண்டுகொள்ளுதல். "காலத்தி னாற்செய்த நன்றி சிறிதெனினும் ஞாலத்தின் மாணப் பெரிது" என்று வள்ளுவர் அளந்து சொல்வதிலும், நன்மையின் பருமனைவிட அது வந்த வேளைதான் முன்னே நிற்கிறது. நம்முடைய வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். கொலோசெயர் 3:15-இல் பவுல் சபையாருக்குச் சொல்லும் கட்டளை, பழைய திருப்புதலில், "நன்றியறிதலுள்ளவர்களாயுமிருங்கள்" என்றே வருகிறது.

136-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். இருபத்தாறு வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற ஒரே வரியில் முடிகின்றன. உங்கள் நோட்டைப்போல் அங்கேயும் திரும்பத் திரும்ப ஒரே வாசகம்தான். ஆனாலும் அதைப் பாடுகிறவருக்குச் சலிப்பதில்லை. ஏனென்றால் ஒவ்வொரு வசனத்தின் முதற்பாதியும் வேறு. வானங்கள், தண்ணீர்கள், சூரியன், சந்திரன், செங்கடல் எல்லாம் வந்தபின், சீகோன், ஓக் என்ற இரண்டு ராஜாக்களின் பெயர்கள்கூட வருகின்றன. யாருக்கு இன்று ஓக்கைப் பற்றிக் கவலை? ஆனால் அந்தப் பாட்டைப் பாடினவர்களுக்கு அவன் தங்கள் வழியை மறித்து நின்ற ஓர் ஆள். ஆகையால் பெயர் சொல்லாமல் விட முடியவில்லை. இப்படிப் பெரிய பெரிய காரியங்களைச் சொல்லிக்கொண்டு வந்து, இருபத்தைந்தாம் வசனத்தில் மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறவரைத் துதிப்பதோடு பாட்டு முடிவுக்கு வருகிறது. உங்கள் நோட்டிலும் பின்பாதி மாறவேண்டியதில்லை, முன்பாதிதான் மாறவேண்டும். "நல்ல சுகம்" என்பதற்குப் பதிலாக, "முழங்கால் வலியோடு பேருந்தில் ஏறினபோது, கல்லூரிக்குப் போகிற ஒரு பெண், நான் கேட்குமுன்னே எழுந்து இடம் கொடுத்தாள்" என்று எழுதினால், அது இன்றைக்கு மட்டுமே எழுதக்கூடிய வரி.

எப்படி நினைவுக்குக் கொண்டுவருவது என்பதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், தம்முடைய ஆன்மீகப் பயிற்சிகளில் தினசரி ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகளை வகுத்தார். அந்தப் பயிற்சி நூலுக்கு 1548-இல் பாப்பரசரின் அங்கீகாரம் கிடைத்தது. நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக, அதில் முதற்படி பாவ அறிக்கையல்ல. பெற்ற நன்மைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்துவதே முதற்படி. தன் பாவத்தை அறியும்படி கிருபை கேட்பது இரண்டாவது. எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாக நாளைத் திரும்பிப் பார்ப்பது மூன்றாவது. மன்னிப்புக் கேட்பதும் திருந்தத் தீர்மானிப்பதும் கடைசி இரண்டு. நன்றியின்மையையே எல்லாப் பாவங்களுக்கும் ஊற்று என்று அவர் 1542-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இது கத்தோலிக்கப் பழக்கமாயிற்றே என்று நம் சபையார் சிலர் தயங்குவார்கள். நாளைத் திரும்பிப் பார்ப்பதற்கு எந்தத் திருச்சபையும் காப்புரிமை வாங்கிவைக்கவில்லை; எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சி.எஸ்.ஐ. உபதேசியார்தான்.

எண்ணிக்கையையும் விட்டுவிடுங்கள். மூன்று என்று நான் எழுதியது என் தவறு; "மூன்றையாவது" என்று எழுதியதால் அது கணக்காகிவிட்டது. ஒரு நாள் ஒன்றுதான் கிடைத்தால் ஒன்று. எழுதாத நாட்களுக்குப் பரிகாரம் செய்து சேர்த்தெழுத வேண்டாம். லேவியராகமம் 7:15-இல், ஸ்தோத்திரபலியின் மாம்சம் செலுத்தப்பட்ட அன்றைத்தினமே புசிக்கப்படவேண்டும், விடியற்காலமட்டும் ஒன்றும் மீந்திருக்கலாகாது என்று விதி இருக்கிறது. பழையதைச் சூடாக்கிப் பரிமாறுவது ஸ்தோத்திரத்துக்கு அப்போதே ஒத்துவரவில்லை.

கேள்வி: நன்றிக் குறிப்பேடு எழுதினால் மன அழுத்தம் குறையும், தூக்கம் வரும் என்று மனநல ஆலோசகர்களும் யூடியூப் பேச்சாளர்களும் சொல்கிறார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத என் நண்பனும் எழுதுகிறான். அவனுக்கும் பலன் இருக்கிறதாம். அப்படியானால் கிறிஸ்தவன் செய்வதில் என்ன தனிச்சிறப்பு? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: தம்பி, உங்கள் நண்பருக்குப் பலன் இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அமெரிக்க உளவியலாளர்களான ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் வாரந்தோறும் நன்றிக்குரியவற்றையும், இன்னொரு குழுவினர் தொல்லைகளையும், மூன்றாம் குழுவினர் பொதுவான நிகழ்வுகளையும் எழுதிவந்தார்கள். பத்து வாரங்களின் முடிவில் முதற்குழுவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நிறைவாகக் கருதினார்கள். பின்னர் சோன்யா லியுபோமிர்ஸ்கி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஆறு வாரங்கள் பார்த்ததில், வாரம் ஒருமுறை எழுதியவர்களிடம் கிடைத்த பலன் வாரம் மூன்றுமுறை எழுதியவர்களிடம் தெரியவில்லை. மேலே கடிதம் எழுதிய ஆசிரியை இதைக் கவனிக்கலாம். அவருக்கு நேர்ந்த சலிப்பு அவருடைய பக்திக்குறைவு அல்ல.

தனிச்சிறப்பு எங்கே என்றால், உங்கள் நண்பருடைய நோட்டு அவரிடமே தங்கிவிடுகிறது. நம்முடையது ஒருவருக்கு எழுதப்படுகிறது. சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் நடுவான வழியில் குஷ்டரோகிகள் பத்துப்பேர் சுகமானார்கள். அந்தப் பத்துப்பேரும் மகிழ்ந்திருப்பார்கள், தங்கள் தோலைத் தடவிப் பார்த்திருப்பார்கள், அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியுமிருப்பார்கள். ஒன்பது பேருக்கு நன்மை குறைந்ததாக லூக்கா சொல்லவில்லை. திரும்பி வந்து பாதத்தருகே முகங்குப்புற விழுந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். சுகம் பத்துப்பேருக்கும் உரியது. அவனுக்கு மட்டும் அதைக் கொடுத்தவரும் கிடைத்தார். பலனுக்காக நன்றி செலுத்தத் தொடங்கினால் பலன் தெரியாத மாதத்தில் நிறுத்திவிடுவோம். அந்த மாதத்தைப் பற்றித்தான் அடுத்த கடிதம்.

கேள்வி: என் கணவர் இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. வயது நாற்பத்தாறு. துக்கம் விசாரிக்க வந்த ஒரு பிரசங்கியார், "எல்லாவற்றிற்காகவும் ஸ்தோத்திரம் செய்யவேண்டும், இந்த மரணத்துக்காகவும் செய்யுங்கள், அப்போதுதான் உங்களுக்குச் சமாதானம் வரும்" என்றார். ஜெர்மன் சிறைமுகாமில் பூச்சிகளுக்காக நன்றி சொன்ன ஒரு அம்மாவின் கதையையும் சொன்னார். நான் வாயைத் திறந்து சொல்லப் பார்த்தேன்; வரவில்லை. வராதது என் விசுவாசக் குறைவா? உங்கள் பத்தியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மன்னியுங்கள். (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: சகோதரி, மன்னிப்புக் கேட்கவேண்டியவர் நீங்கள் அல்ல. அந்தச் சொல் உங்கள் வாயில் வராதது விசுவாசக் குறைவும் அல்ல. சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லும்படி உங்களிடம் கேட்டிருக்கிறார்கள். உங்கள் நாவு அதை அறிந்து நின்றுவிட்டது என்பதே என் எண்ணம்.

அந்தப் பிரசங்கியார் எடுத்த வாக்கியம் எபேசியர் 5:20. "எப்பொழுதும் எல்லாவற்றிற்காகவும்" பிதாவை ஸ்தோத்திரிக்கும்படி அங்கே எழுதியிருப்பது உண்மைதான். அது, சபையார் கூடிச் சங்கீதங்களும் ஞானப்பாட்டுகளும் பாடுவதைப் பற்றிய வாக்கியத்தின் தொடர்ச்சி; சாவு வீட்டில் நிற்கிறவளுக்கு விதிக்கப்பட்ட சட்டம் அல்ல. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிறார் பவுல். கிரேக்கத்திலும் அந்த வேற்றுமை இருக்கிறது. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம், "எல்லாச் சூழ்நிலையிலும்" என்று அதை இன்னும் விளக்கமாகப் பெயர்த்திருக்கிறது. வெள்ளத்தில் நிற்கும்போது நன்றி செலுத்துவது வேறு, வெள்ளத்துக்காக நன்றி செலுத்துவது வேறு. வேற்றுமை உருபு ஒன்றின்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்பீர்களானால், அதைவிட உறுதியான சான்றும் இருக்கிறது. "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்று எழுதியவரும் இதே பவுல்தான். சத்துரு என்று தாம் பெயரிட்ட ஒன்றுக்காக நன்றி செலுத்தும்படி அவர் ஒரு விதவைக்குச் சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை. தம் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்தபோது, துக்கத்தின்மேல் துக்கம் தமக்கு உண்டாகாதபடி தேவன் இரங்கினார் என்று பிலிப்பியருக்கு எழுதுகிறார். அவன் இறந்திருந்தால் அது துக்கமாகவே இருந்திருக்கும் என்பதை அவர் மறைக்கவில்லை.

லாசருவின் கல்லறையை நினைத்துப் பாருங்கள். அங்கே இயேசு முதலில் கண்ணீர் விட்டார். அதற்குப் பின்புதான் கண்களை ஏறெடுத்து ஸ்தோத்திரம் சொன்னார். எதற்காக? "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றார். லாசரு இறந்ததற்காக அவர் நன்றி செலுத்தவில்லை. நாம் இவரைவிடப் பக்தியுள்ளவர்களாக முயலவேண்டியதில்லை.

சிறைமுகாமின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பாதியாகச் சொல்லப்படுகிறது. பெட்சி டென் பூம், கோரி டென் பூம் என்ற டச்சுச் சகோதரிகள் யூதர்களை ஒளித்துவைத்ததற்காக நாசிகளால் பிடிக்கப்பட்டு ராவென்ஸ்புரூக் முகாமில் அடைக்கப்பட்டார்கள். அவர்கள் இருந்த கொட்டகை முழுதும் தெள்ளுப்பூச்சி. அதற்காகவும் நன்றி செலுத்துவோம் என்றாள் பெட்சி. கோரிக்கு அது முடியவில்லை. பூச்சிகளுக்கு அஞ்சிக் காவலர்கள் அந்தக் கொட்டகைக்குள் வராததால்தான் தாங்கள் வேதம் வாசிக்க முடிந்தது என்பது பின்னால் தெரியவந்தது. 1944 டிசம்பரில் பெட்சி அதே முகாமில் இறந்தாள். இந்தக் கதையில் நான் கவனிப்பது ஒன்றுதான்: அந்த நன்றியைச் சொன்னவள் முகாமுக்குள் இருந்தவள். பூச்சி கடிபட்டவள் தன் வாயால் சொன்னாள். வெளியே இருந்து வந்து, காபி குடித்துவிட்டு, அவளை அப்படிச் சொல்லும்படி ஒருவரும் பணிக்கவில்லை.

அதனால், ஏழு மாதத்தில் நீங்கள் செய்யக்கூடியது எது? முதலில், முறையிடுங்கள். பதின்மூன்றாம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது, ஆறே வசனங்களில் அது பாட்டுக்கு வந்துவிடுகிறது. உங்களால் அவ்வளவு விரைவில் வர முடியாவிட்டால் எண்பத்தெட்டாம் சங்கீதம் இருக்கிறது. அது இருளிலேயே முடிகிறது. அதையும் தேவனுக்கு முன்பாகப் பாடும்படியே வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது, உங்கள் கணவருக்காக நன்றி செலுத்தலாம். அவருடைய மரணத்துக்காக அல்ல. ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்துச் சிறையில் இருந்த டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற லுத்தரன் போதகர், 1943 கிறிஸ்துமஸ் வேளையில் பெர்லின் டேகல் சிறையிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நமக்கு அன்பான ஒருவர் இல்லாமற்போன இடத்தை எதுவும் நிரப்பாது, கடவுள் அதை நிரப்புவார் என்று சொல்வதும் சரியல்ல, அவர் அதை நிரப்பாமல் வெற்றிடமாகவே காத்துவைக்கிறார், அந்த வெற்றிடத்தின் வழியாகத்தான் நாம் பிரிந்துபோனவரோடு உறவில் நிலைத்திருக்கிறோம் என்பது அவர் கருத்து. நினைவுகள் எவ்வளவு இனியவையோ அவ்வளவு பிரிவும் கடினம்; ஆனால் நன்றியறிதல், நினைவு தருகிற வேதனையை மெல்ல ஓர் அமைதியான மகிழ்ச்சியாக மாற்றும் என்றும் அவர் எழுதினார். மெல்ல என்பது நான் சேர்த்த சொல். நான் பார்த்த வீடுகளில் அது மெல்லத்தான் நடந்தது. உங்கள் கணவர் செய்த ஒரு காரியம், ஒரு நாளுக்கு ஒன்று, அழுதுகொண்டே நினைத்தாலும் அது நன்றிதான்.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. முப்பதாண்டுப் போரின் நடுவே, சக்சோனி நாட்டில் ஐலன்பர்க் என்ற மதிலூரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர் இருந்தார். 1637-இல் அகதிகளால் நிரம்பியிருந்த அந்த ஊரில் கொள்ளைநோய் வந்தபோது, மற்றப் போதகர்களை இழந்து அவர் தனியாளாக 4,000-க்கும் மேற்பட்டோரை அடக்கம் செய்தார். அவர்களுள் அவருடைய மனைவியும் ஒருத்தி. உலகமெங்கும் இன்றும் பாடப்படுகிற ஒரு நன்றிப் பாட்டை எழுதியவர் அவர்தான். பிணங்களின் நடுவே நின்று அதை எழுதினார் என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. நானே இளவயதில் அப்படிப் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டு கொள்ளைநோய்க்கு முந்தியது என்றே கருதப்படுகிறது. அது முதலில் வீட்டில் சாப்பாட்டு வேளையில் சொல்லும் சிறு ஜெபமாகத்தான் எழுதப்பட்டது. கதை இப்படித் திரும்பினபோது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. யோசித்தபோது இதுவே பெரிதாகத் தோன்றியது. பிள்ளைகளோடு சோறு உண்ணும் நாட்களில் வாயில் பழகின சொற்கள் அந்த மனிதருக்கு முன்பே இருந்தன. துன்பத்தில் நிற்கிறவரிடம் போய்ப் புதிதாக நன்றியைக் கற்பிக்க முயல்வது, வெள்ளம் வந்தபின் நீச்சல் கற்பிப்பதைப் போன்றது. உங்களுக்கு நான் ஒன்றும் கற்பிக்க முயலவில்லை, சகோதரி. இருபது வருஷமாக உங்கள் வீட்டில் என்ன ஜெபம் சொல்லிச் சாப்பிட்டீர்களோ, அது உங்களிடம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை வாரந்தோறும் வாசிக்கிறார்கள். "மகனுக்கு மெடிக்கல் சீட் கிடைத்ததற்காக", "புது வீடு கட்ட உதவி செய்ததற்காக" என்று தொகையோடு வாசிக்கும்போது, சீட் கிடைக்காத பிள்ளையின் தகப்பனாக நான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன். இது பொறாமையா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கொஞ்சம் பொறாமையும் இருக்கலாம், அதைக் கர்த்தரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் குறை முழுவதும் உங்களுடையது அல்ல.

வேதத்தில் நன்றி செலுத்திவிட்டு நீதிமானாக்கப்படாமல் வீட்டுக்குப் போன ஒருவன் இருக்கிறான். லூக்கா 18-இல் வரும் பரிசேயனுடைய ஜெபம் முழுக்க முழுக்க ஸ்தோத்திர ஜெபம். அதில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றான். பக்கத்தில் நிற்கிறவனை அளவுகோலாக வைத்துச் செலுத்தின நன்றி அது. "கண்ணில்லாதவரைப் பார், காலில்லாதவரைப் பார், உனக்கு எல்லாம் இருக்கிறதே" என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நாம் நன்றியைக் கற்றுக்கொடுப்பதும் இதே வகைதான் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த வகுப்பில் கால் ஊனமான ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் அது எதற்காக நன்றி செலுத்துவது?

ஸ்தோத்திரக் காணிக்கையை நான் குறைகூறவில்லை. அது பழைய ஏற்பாட்டின் ஸ்தோத்திரபலியின் வழிவந்தது. ஆனால் அந்தப் பலியின் விதி என்னவென்று முன்பே சொன்னேன்: அன்றே உண்டு தீர்க்கவேண்டும். ஒரு குடும்பம் ஒரு முழு ஆட்டையும், அதனோடு செலுத்தும் அப்பங்களையும் ஒரே நாளில் உண்ண முடியாது. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். நன்மை பெற்றவனுடைய வீட்டில் நன்மை பெறாதவனும் உட்கார்ந்து சாப்பிட்டான். நம் ஊர்களில் அறுப்பின் பண்டிகை அந்தச் சாயலில்தான் நடந்தது. வாழைத்தார், தேங்காய், கருப்பட்டி, கோழி, முட்டை என்று அவரவர் வீட்டில் விளைந்ததும் வளர்ந்ததும் பீடத்தின் முன் வந்து சேரும். ஆராதனை முடிந்தபின் ஏலம் விடுவார்கள். விளைச்சல் இல்லாதவனும் ஒரு முட்டையை ஏலத்தில் எடுத்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவான். ஏலத்தில் விலையை ஏற்றிவிட்டுப் பெருமை தேடுகிறவர்கள் அங்கேயும் இருந்தார்கள், மறுக்கவில்லை. என்றாலும் கவரில் எழுதிய தொகையைவிடக் கையில் பிடித்த கோழி நன்றியை நன்றாகக் காட்டியது.

தொகையை வாசிக்காமல் காரணத்தை மட்டும் வாசிக்கலாம் என்று உங்கள் சேகர கமிட்டியில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். சீட் கிடைத்த பிள்ளையின் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், காணிக்கையோடு நின்றுவிடாமல், அந்த வாரத்தில் ஒரு நாள் கிடைக்காத பிள்ளையின் வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிடலாம்.

கேள்வி: என் கணவர் ஆலயத்தில் அரைமணி நேரம் ஸ்தோத்திரம் சொல்லுகிறார். முப்பது வருஷமாகச் சமைத்துப் போடும் எனக்கு ஒருநாளும் நன்றி என்று சொன்னதில்லை. கேட்டால், "வீட்டு ஆளுக்கு யாராவது நன்றி சொல்லுவார்களா?" என்கிறார். (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: உங்கள் கணவர் சொன்னதில் பாதி நம்முடைய மரபு. தாயிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு "நன்றி" என்று சொன்னால், "என்ன, அந்நியரிடம் பேசுவதுபோல் பேசுகிறாய்?" என்று அவள் கேட்பாள். அந்தச் சொல் உறவைத் தூரமாக்கிவிடுமோ என்ற கூச்சம் தமிழ் வீடுகளில் உண்டு. அதை நான் குறையாகக் கருதவில்லை. மறுபாதி சாக்கு. சொல்லாமல் இருக்கலாம், அறியாமல் இருக்கக்கூடாது. "இன்றைக்குக் குழம்பில் என்ன போட்டாய், எங்கள் அம்மா வைத்ததுபோல் இருந்ததே" என்று ஒருவர் கேட்டால், நன்றி என்ற சொல் வராமலே நன்றியறிதல் அங்கே வந்துவிட்டது.

பவுலின் கடிதங்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும், கடிதம் பெறுகிற சபையாருக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறார்; அந்த ஸ்தோத்திரத்தை அவர்களுக்கே எழுதியும் அனுப்புகிறார். கலாத்தியருக்கு எழுதியதில் அது இல்லை. அவர்கள்மேல் மனத்தாங்கல் இருந்தபடியால், ஒப்புக்காகக்கூட எழுதாமல், நேரே "ஆச்சரியப்படுகிறேன்" என்று தொடங்கிவிடுகிறார். உள்ளபடி எழுதுகிறவருடைய நன்றிக்கு அதனாலேயே மதிப்பு அதிகம். ரோமர் 16-ஆம் அதிகாரம் ஏறக்குறைய முழுவதும் பெயர்ப்பட்டியல்தான். தம் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்த பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்ற தம்பதிக்குத் தாமும் சபைகளும் நன்றியறிதலுள்ளவர்களாயிருப்பதாக அங்கே எழுதுகிறார். கூலிக்குக் கூடாரம் தைக்கும் தொழிலில் தம்மோடு இருந்தவர்களை அவர் ஜெபத்தில் மட்டும் குறிப்பிட்டுவிட்டுப் போகவில்லை.

இந்தப் பக்கத்தை உங்கள் கணவர் சாப்பிடும் மேஜையில் விரித்து வையுங்கள். நான் சொன்னதாக இருக்கட்டும்.

கேள்வி: இரவில் நாளை நினைத்துப் பார்க்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். இரண்டு சிறு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வேறு நேரமும் இல்லை. என்ன செய்ய? (வாசகி, கோவை)

பதில்: தூங்குங்கள், மகளே. இஞ்ஞாசியார் அந்தச் சோதனையை இரவுக்கு மட்டும் வைக்கவில்லை. மத்தியானத்திலும் ஒருமுறை வைத்தார். அதை எடுத்துக்கொள்ளுங்கள். உபாகமம் 8:10-இல், "நீ புசித்துத் திருப்தியடைந்திருக்கையில்" கர்த்தரை ஸ்தோத்திரிக்கவேண்டும் என்று இருக்கிறது. யூதர்கள் இன்றுவரை சாப்பாட்டுக்குப் பின்னும் ஒரு நீண்ட நன்றி ஜெபம் சொல்லுகிறார்கள். நாமோ முன்னால் மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம்; பசியோடு இருக்கிற பிள்ளைக்கு அந்த ஜெபம் ஒரு தடைதான், கண்ணைத் திறந்து அப்பளத்தைப் பார்த்துக்கொண்டே ஆமென் சொல்லும்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும், கை கழுவ எழுந்திருக்குமுன், காலையிலிருந்து நடந்ததில் ஒன்றைப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். என்ன சொன்னாலும் திருத்த வேண்டாம். என் பேரன் ஐந்து வயதில், "பக்கத்து வீட்டு நாய் இன்றைக்கு என்னைத் துரத்தவில்லை" என்றான். அதற்கும் நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம்.